துரையின் குரலில் ஒரு கடிதம்

சுருக்கெழுத்து தேறி உத்தியோகத்துக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தவர்கள், என்னைப் பற்றிச் சரியாக விசாரிக்காமல் வந்துவிட்டார்கள். முப்பத்து நான்கு வருஷம் கல்கத்தாவில் பென்சில் பிடித்தவன்தான். ஆனால் இன்று இதே ஊரில் பாலிகஞ்சில் மகன் வீட்டில் இருந்துகொண்டு, மருமகள் சொல்லும் காய்கறிகளை எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு காய் விட்டுப்போயிருக்கிறது. இப்படிப்பட்டவனிடம் தொழில் நுணுக்கம் கேட்கிறார்கள்.

பென்சிலை எப்படிச் சீவுவது, வேகத்தை எப்படிக் கூட்டுவது என்பதெல்லாம் உங்கள் வாத்தியாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் என் வாயைப் பற்றிச் சொல்கிறேன். சுருக்கெழுத்துக்காரனுக்குக் காதும் கையும் இருந்தால் போதும். ஆண்டவன் எனக்கு வாயைத்தான் தாராளமாகப் படைத்தான்.

இருபத்தொரு வயதில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். காளிகாட்டில் நம்மவர் நடத்திய மெஸ்ஸில் ஜாகை. அறைத் தோழன் பஞ்சாபகேசன், எனக்குப் பஞ்சு. அவனும் சுருக்கெழுத்துத்தான், ஒரு கப்பல் கம்பெனியில். மதராஸிகள் நிறைய எழுதுவார்கள், குறைவாகப் பேசுவார்கள் என்று துரைமார்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் வந்த பிறகு அதில் பாதிதான் நிஜம் என்று ஆயிற்று.

எனக்குக் கிடைத்தது போலீஸ் சம்பந்தமான கடிதங்களைக் கவனிக்கும் ஒரு சர்க்கார் அலுவலகம். அதன் பெயர் இங்கே வேண்டாம். என் துரை ஒல்லியானவர். வாயில் எப்போதும் புகைக்குழாய். நேரில் பேசினால் மூன்று வார்த்தைக்கு மேல் வராது. கடிதம் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் ஒரே கேலியும் குத்தலும். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் கண்களை மூடிக்கொண்டு, குழாயை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, சங்கீதம் பாடுவதுபோலச் சொல்லுவார். எழுதிக்கொண்டே நான் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த அலுவலகத்தில் என்னிடம் பிரியமாக இருந்தவர் ஹரிபத பாபு. ஐம்பதைத் தாண்டிய மனிதர். கடித நகல்களை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவது அவர் வேலை. சாவியைப் பூணூலில் முடிந்துவைத்திருப்பார். எனக்கு வங்காளி கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். வங்காளியில் அண்ணாவுக்குத் 'தாதா' என்று பெயர்; அதைச் சுருக்கிச் சேர்த்து அவரை எல்லாரும் 'ஹரிதா' என்பார்கள். 'ஹரிதா கொடுத்த இனிப்பு பிரமாதம்' என்று நான் ஊருக்கு ஒரு கடிதம் எழுதிவிட, அம்மா அதைப் பெண் பெயர் என்று நினைத்துப் பதறிப்போய், 'யாரடா அது, என்ன குலம்?' என்று பதில் போடச் செய்தாள். அதைச் சொன்னபோது ஹரிதா ஒரு வாரம் சிரித்தார்.

இனி எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

லால்திகி குளத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் வேலை பார்த்த சுருக்கெழுத்துக்காரர்கள் ஆறு பேர், டிபன் வேளையில் ஒரு பழைய கட்டடத்தின் பின்னறையில் கூடுவோம். வேகம் குறையாமலிருக்கப் பயிற்சி. ஒருவன் வாசிப்பான், மற்ற ஐந்து பேரும் எழுதுவார்கள். பிறகு ஒவ்வொருவனாகத் திருப்பிப் படிக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்திரிகைத் தலையங்கத்தை வாசித்தோம். அதை எழுதினால் கைக்குத் தூக்கம் வந்தது. என் முறை வந்த ஒரு நாள், அன்று காலையில் துரை சொன்ன கடிதம் ஒன்றை என் நோட்டுப் புத்தகத்திலிருந்து துரையின் குரலிலேயே வாசித்தேன். கண்ணை மூடி, பென்சிலை வாயோரத்தில் குழாய் மாதிரி செருகிக்கொண்டு. ஐந்து பேரும் எழுதிக்கொண்டே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுதுவது எவ்வளவு பெரிய பயிற்சி தெரியுமா? அதன் பிறகு என் முறை மட்டும் வாரத்தில் மூன்று நாள் வர ஆரம்பித்தது.

'அந்தரங்கம்' என்று தலைப்பில் போட்ட கடிதங்களை வாசிக்கலாமா என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. அவைதான் அதிகம் சிரிக்கும்படி இருந்தன.

அது எந்தக் காலம் என்று சொல்கிறேன். வெள்ளைக்காரச் சர்க்கார் வங்காளத்தை இரண்டாக வெட்டிய பிறகு ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு போலீஸ்காரர், இங்கே ஒரு சர்க்கார் சாட்சி என்று சுடப்பட்டார்கள். குறி வைத்தது ஒருவருக்கு, குண்டு விழுந்தது வேறு யார் மீதோ என்பதும் நடந்தது. எங்கள் ஆறு பேருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. அந்தச் செய்திகளை மைதானத்துப் பந்தாட்டச் செய்தி மாதிரிதான் பேசினோம். "நேத்து நம்ம பக்கம் ஒண்ணு போட்டாங்களாம்" என்பான் ஒருவன். "அவங்க ரெண்டு பேரைத் தூக்குல போட்டாங்களே, அப்ப கணக்கு இன்னும் பாக்கிதான்" என்பான் இன்னொருவன். சர்க்கார் உப்பைத் தின்ற நானும் கைதட்டினேன். செத்தவர்கள் எல்லாரும் எங்களுக்குப் பெயர்கள். பெயருக்கு ரத்தம் வராது.

ஒரு திங்கட்கிழமை காலை துரை ஒரு கடிதம் சொன்னார். ஒரு சப்-இன்ஸ்பெக்டரைப் பற்றி அவருடைய மேலதிகாரிக்கு எழுதியது. எனக்கு அது இன்றும் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்.

'உங்கள் சப்-இன்ஸ்பெக்டரின் உடம்பு இரும்பால் செய்யப்பட்டது என்று எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. அவருக்கு மூன்று மிரட்டல் கடிதங்கள் வந்துள்ளன. இருந்தும் அவர் ஒவ்வொரு வியாழனும் பிற்பகல் மூன்று மணி ரயிலில், சீருடை இல்லாமல், காவலர் இல்லாமல், கையில் ஒரு தயிர்ச் சட்டியுடன், பிரசவித்திருக்கும் மனைவியைப் பார்க்க டாக்குரியாவுக்குப் போகிறார். அவருடைய மாமியாரின் சமையல் சாம்ராஜ்யத்தைவிட முக்கியமானதா என்று கேட்டுச் சொல்லவும். ஆம் என்றால் ஒரு காவலரையும் சாப்பிட அழைத்துப் போகட்டும்.'

டிபன் வேளையில் வாசித்தேன். தயிர்ச் சட்டி வந்த இடத்தில் எழுந்து நின்று, சட்டியை ஏந்திய மாப்பிள்ளை மாதிரி ரெண்டு அடி நடந்தும் காட்டினேன். பஞ்சுவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"போதும்டா, பென்சில் ஓடலே!" என்றான்.

சணல் கம்பெனியில் வேலை பார்த்த சுஷீல் என்பவன்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாதா, நடுவுல ஒரு வரி விட்டுப்போச்சு. எந்தக் கிழமை, எந்த ரயில்? இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

விட்டுப்போன வரியைத் திரும்பக் கேட்பது எங்களுக்குள் தினசரி நடப்பதுதான். இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நடித்துக் காட்டினேன்.

அந்த வியாழன் போய் வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, ஹரிதா அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டியா ஐயர் பாபு? டாக்குரியா ஸ்டேஷன்ல ஒருத்தரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ரயிலை விட்டு இறங்கினவுடனே. சுட்டவங்க ரெண்டு பேர், சின்னப் பசங்களாம். ஓடிட்டாங்க. பாவம், குழந்தையைப் பாக்கப் போயிருக்கார். பிளாட்பாரம் பூரா தயிராம்."

எனக்கு அந்த நிமிஷம் அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. சட்டியை ஏந்திக்கொண்டு நடந்த என் ரெண்டு அடிதான் ஞாபகம் வந்தது. அவர் நான் நடந்த மாதிரி நடந்திருக்க மாட்டார், சாதாரணமாகத்தான் நடந்திருப்பார் என்று தோன்றியது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்தக் கடிதம் இப்போது என் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இல்லை. ஐந்து அலுவலகங்களில் ஐந்து நோட்டுப் புத்தகங்களில், ஐந்து பேர் கையெழுத்தில் இருக்கிறது.

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். மூன்று பேர் ஒன்றும் கேட்காமல் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். செய்தி அவர்களுக்கும் எட்டியிருந்தது. கொடுக்கும்போது ஒருவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாகச் சணல் கம்பெனிக்குப் போனோம். அங்கே தலைமைக் குமாஸ்தா, "சுஷீலையா கேக்கறீங்க? செவ்வாய்க்கிழமையிலேருந்து ஆளைக் காணோம். வேலையை விட்டுட்டதாத் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கான்" என்றார்.

சுஷீலை நான் அதன் பிறகு பார்க்கவே இல்லை. அவன்தான் சொன்னானா, அல்லது அவனும் எங்கள் மாதிரி வேறு யாரையாவது சிரிக்க வைக்கப்போய் அது கை மாறியதா, தெரியாது. சாயங்காலம் பஞ்சு எல்லா நோட்டுப் புத்தகங்களையும் கிழித்து மெஸ் அடுப்பில் போட்டான். அன்றைக்கு ரசம் சீக்கிரம் கொதித்தது. நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் அந்தக் கடிதத்தின் நகல்.

"கிழமையும் ரயிலும் இந்த ஒரு கடிதத்தில்தான் இருக்கின்றன. உன் நோட்டுப் புத்தகத்தை யாராவது பார்த்தார்களா?"

"இல்லை, ஐயா."

பொய் இல்லை. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கேட்டார்கள். இப்படி ஒரு பதிலைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு என் புத்தி அன்று வேலை செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அவர் தலையசைத்தார். மதராஸிகள் குறைவாகப் பேசுவார்கள் என்று நம்பிய மனிதர்.

என்னை விட்டால் அந்த நகலைத் தொட்டவர் ஹரிதா ஒருவர்தான். அவருடைய தம்பி மகன் ஒருவன் அவர் வீட்டிலேயே தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். காலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன். அந்த நாளில் புரட்சிக்காரன் என்று சந்தேகப்பட அதுவே போதும். போலீஸ் வீட்டைச் சோதனை போட்டு ஒரு கீதைப் புத்தகத்தையும் ரெண்டு கர்லாக்கட்டையையும் கைப்பற்றியது. பெரியப்பாவையும் பையனையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள்.

அன்று நான் மெஸ்ஸுக்கு வந்ததும் பஞ்சுவிடம், "நான் போய்ச் சொல்லிடப்போறேன்டா" என்றேன்.

"என்னன்னு சொல்லுவே?"

"நான்தான் வாசிச்சேன்னு."

"யார்கிட்ட வாசிச்சேன்னு அடுத்தாப்ல கேப்பா. அஞ்சு பேரையும் சொல்லுவியா? சொல்லாட்டா விடுவாளா? ஹரிபதரை அனுப்பிச்சுட்டு நம்மளை மட்டும் புடிப்பான்னா நெனைக்கறே? அவரோட சேத்து நம்மளையும் உள்ள வெப்பா. அவ்வளவுதான் நடக்கும்."

"அவர் ஒண்ணும் பண்ணலையேடா."

"நாம மட்டும் என்னடா பண்ணினோம்? டிக்டேஷன் எழுதினோம்." "எனக்குக் கீழே மூணு தங்கை இருக்காடா. வாயை மூடிண்டு இரு. ஜன்மத்துல ஒரு தடவையாவது மூடிண்டு இரு."

அவன் சொன்னது முழுக்கத் தப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நாளில் பிடித்துப்போனவர்களை என்ன செய்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஐந்து பேருடைய கதி என் நாக்கில் இருந்தது. மூடிக்கொண்டேன்.

பின்னறை அதோடு சரி. யாரும் கலைக்கவில்லை, யாரும் போகவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் இவன் சொல்லியிருப்பானோ என்று அவன் நினைத்தான். அவன் சொல்லிவிடுவானோ என்று இவன் பயந்தான். பந்தாட்டக் கணக்குப் பேசிய வாய்கள் ஒன்றுகூட அதைத் திரும்பப் பேசவில்லை. அப்புறமும் ஊரில் நிறையச் சுட்டார்கள். நிறையப் பேர் தூக்கில் தொங்கினார்கள். பத்திரிகையைப் பிரித்தால் இரண்டு பக்கத்திலும் எங்கள் வயதுப் பையன்கள். அந்தப் பெயர்களை எல்லாம் அதன் பிறகு நான் மெதுவாகத்தான் படித்தேன்.

ஹரிதாவின் மேல் குற்றம் ஒன்றும் ருசுவாகவில்லை. இரண்டு மாதம் கழித்து விட்டுவிட்டார்கள். ஆனால் நம்பிக்கை போய்விட்டது என்று வேலையிலிருந்து நீக்க உத்தரவாயிற்று. அந்தக் கடிதத்தை யாரிடம் சொல்லுவார் துரை? என்னிடம்தான் சொன்னார். அன்றைக்குக் குழாய் இல்லை, கேலி இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எழுதி முடித்ததும், "படி" என்றார். படித்தேன். என் சொந்தக் குரலில்.

"ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா."

ஒன்றரை வருஷம் ஓடியது. பஞ்சு ரங்கூனுக்கு மாற்றலாகிப் போனான். மற்ற மூவரில் ஒருவன் காய்ச்சலில் போய்விட்டான். ஒருவன் பம்பாய்க்கு, ஒருவன் வயலைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊருக்கு. எனக்குக் கல்யாணமாகி, தனி வீடு எடுத்திருந்தேன். அலுவலகத்தில் கழித்துவிட்ட டைப்ரைட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஹரிதா நின்றார். நன்றாக இளைத்திருந்தார். கையில் நாலு கொய்யாப்பழம்.

"நம்ம வீட்டு மரத்துல காய்ச்சது. வீட்டம்மாவுக்குக் கொடு" என்றார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "துரைக்கு ஒரு மனு அனுப்பணும் ஐயர் பாபு. திரும்ப வேலையில எடுத்துக்கச் சொல்லி. கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிறவன் இங்கிலீஷைப் பார்த்தா துரை கொடுக்கிற வேலையையும் கொடுக்க மாட்டார். நீ அடிச்சுக் கொடேன். அந்த ஆபீஸ்ல என்னைப் பார்த்தா தெருவோட அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகாதவன் நீ ஒருத்தன்தான்."

காகிதத்தைச் செருகினேன். அவர் சொன்னார், நான் அடித்தேன்.

"கடிதம் என் கைக்கு வந்ததும் பூட்டிட்டேன்னு போடு. சாவி பூணூலை விட்டு இறங்கலேன்னு போடு. அதுல என்ன எழுதியிருந்ததுன்னே எனக்குத் தெரியாது, நான் படிக்கலே. அதையும் போடு."

"தம்பி மகன் எப்படி இருக்கான், ஹரிதா?"

"எங்க இருக்கான்னே தெரியாது. கூட்டிட்டுப் போனப்ப கர்லாக்கட்டை சுத்தற பையன். அவ்வளவுதான். விட்டப்புறம் நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அஞ்சாம் நாள் போயிட்டான். எந்தக் கூட்டத்துல சேர்ந்திருப்பான்னு நீயே யோசிச்சுக்கோ." ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துத் துண்டில் துடைத்து வைத்தார். "யார் சொல்லியிருப்பான்னு உனக்கு ஏதாவது தோணுதா?"

தம்பிகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பஞ்சு ரங்கூனில் இருந்தான். என் நாக்கில் இப்போது யாருடைய கதியும் இல்லை, என்னுடையதைத் தவிர. கை டைப்ரைட்டர் மேல் இருக்கிறது. காகிதத்தில் பாதி இடம் காலி. ஒரு வாக்கியம் போதும். மௌனத்துக்கு முதல் நாள் ஒரு காரணம் இருக்கும். அது நல்ல காரணமாகவே இருக்கலாம். காரணம் ஊரைவிட்டுப் போன பிறகும் மௌனம் மட்டும் வீட்டோடு தங்கிவிடும். அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருப்போம். உங்களுக்கும் ஏதாவது ஒரு நாள் பேசக்கூடாத இடத்தில் பேசிவிட நேரும். நேர்ந்தால், வாயை மூடிக்கொள்வதற்கு அன்று என்ன காரணம் சொன்னீர்களோ, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி போய்ப் பாருங்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

"தெரியலையே, ஹரிதா" என்றேன்.

மனு துரையின் மேஜைக்குப் போயிற்று. பத்து நாள் கழித்துப் பதிலுக்கு என்னைக் கூப்பிட்டார். மறுபரிசீலனைக்கு இடமில்லை என்று இரண்டே வரி. மனுவும் நான் அடித்தது, பதிலும் நான் அடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரிதா அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உன் கைதானே? பார்த்தவுடனே தெரிஞ்சுது" என்றார். "என்ன நேர்த்தி! ஒரு அழிப்பு இல்லே. என் மனுவையும் இப்படித்தான் அடிச்சிருந்தே. துரை மனசு மாறலேன்னா நீ என்ன பண்ணுவே பாவம்" என்று என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மனதார மெச்சிக்கொண்டுதான் சொன்னார். அந்த வார்த்தைக்குள் வேறு எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.